கொய்யா ஈயின் அங்க அடையாளங்கள்

"இதுல ஒம்பது ஈ இருக்குங்க. எண்ணிட்டேன்" என்று சொல்லி, அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

எனக்கு அப்போதுதான் கீழ்க்கடையிலிருந்து மெதுவடை வந்திருந்தது. பாட்டிலின் அடியில் கறுத்துக் கூழாகிக் கிடந்ததையும், அதன்மேல் மல்லாந்து செத்துக் கிடந்த ஈக்களையும் பார்த்துவிட்டு வடையை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினேன். அன்றைக்குப் பூரா பிறகு அதைத் தொடவில்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடி. வாசலில் 'நீலாம்பாள் துப்பறியும் நிலையம்' என்று பலகை. நீலாம்பாள் மேடம் இருபத்திரண்டு வருடம் வேளாண்மைத் துறையில் பூச்சி எண்ணியவர். நெல் வயலில் விளக்குப்பொறி வைத்து, அதில் விழுந்த குருத்துப்பூச்சி எத்தனை, தத்துப்பூச்சி எத்தனை என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி அலுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மனிதர்களைத் தேட வந்துவிட்டார். சிரிக்கவே மாட்டார். நான் வளவன், அவருடைய உதவியாளன். நன்னிலத்துப் பக்கம் ஊர். பஸ் நேரம் சொல்வதும், டீ சொல்வதும், வாயை மூடவேண்டிய இடத்தில் திறப்பதும் என் வேலைகள்.

வந்தவள் பெயர் நஜ்மா. நன்னிலம் கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. முப்பது வயது இருக்கும். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ரேஷன் கார்டு விவரம் சொல்வதுபோலத் தன் கதையைச் சொன்னாள்.

கணவன் அப்சர், சவூதிக்குச் சபர் போய் நான்கு வருடம் ஆகிறது. தாயிஃப் என்ற மலை ஊரில் ஓர் அரபியின் பழத்தோட்டத்தில் வேலை. மாதாமாதம் கடிதம் வரும். செலவுக்குப் பணமும் தவறாமல் வந்துவிடும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவான். போன நவம்பரோடு அந்தக் கூப்பிடுதல் நின்றுபோனது. ஒன்பது மாதமாகக் கடிதம் மட்டும் வருகிறது, குரல் வருவதில்லை.

"ஏன்னு கேட்டு எழுதுனீங்களா?" என்றார் மேடம்.

"கேட்டேங்க. தோட்டத்துலேருந்து போன் பூத் தூரம், அரபி விடமாட்டேங்கிறான்னு பதில் வந்துச்சு."

"கையெழுத்து அவரோடதுதானா?"

"அவங்களுக்கு எழுத வராதுங்க. அந்த ரூம்ல நம்ம ஊர்ப் பக்கத்து ஆளு யூசுப் அண்ணன் ஒருத்தர்தான். முகம்மது யூசுப், கூத்தாநல்லூர். அவங்க சொல்லச் சொல்ல யூசுப் அண்ணன் எழுதுவாங்க. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்."

அந்த யூசுப் மூன்று வாரத்துக்கு முன் லீவில் வந்திருக்கிறார். வியாழக்கிழமை விமானம் இறங்கி, சனிக்கிழமை நன்னிலத்துக்கு வந்து, அப்சர் கொடுத்தான் என்று ஓர் அட்டைப்பெட்டியை இறக்கியிருக்கிறார். சென்ட் பாட்டில், பால்பவுடர் டின், பிள்ளைக்குக் கவுன், டாங் ஜூஸ் பவுடர். கூடவே மூன்று கொய்யாக்காய். அரபி தோட்டத்தில் அப்சர் நட்ட மரத்தில் காய்த்ததாம், அவனே பறித்ததாம். ஒன்றை மகள் ஆசியா தின்றுவிட்டாள். மற்ற இரண்டையும் நஜ்மா அன்றைக்கே டாங் பாட்டிலைக் கொட்டிக் கவிழ்த்துக் கழுவி, உள்ளே போட்டு மூடிவிட்டாள்.

"ஏம்மா, கொய்யாவை யாராவது பாட்டில்ல போட்டு வைப்பாங்களா?" என்றேன்.

"அவங்க கை பட்டதுங்க. தின்னா தீந்துரும்ல" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் பாட்டிலுக்குள் ஈ பறந்ததாம். மூடியை அவள் அதற்குப் பிறகும் திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை எங்கே இருக்கிறார், ஏன் பேசவில்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எதுவானாலும் பரவாயில்லை என்றாள்.

மேடம் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பழைய உத்தியோகம் திரும்பிவிட்டது.

"ஜூஸ் கடையில மொய்க்கிற ஈ மேடம் அது. விடுங்க" என்றேன்.

"அது சிவப்புக் கண்ணு வச்ச பொடி ஈ. இது வீட்டு ஈ அளவு இருக்கு, இடுப்பு குளவி மாதிரி ஒடுங்கியிருக்கு. நோட்டை எடு வளவா. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்ல அங்க அடையாளம்னு எழுதுவாங்கள்ல, அந்த மாதிரி எழுது."

"பேரு?"

"அதுக்குத்தான் எழுதுறோம்."

பாட்டிலைத் திறந்ததும் வந்த வாடையில் எனக்கு ஜென்ம பாவமெல்லாம் நினைவுக்கு வந்தது. மேடம் அசையாமல், குண்டூசியால் ஓர் ஈயை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்தார்.

"முதுகு கறுப்பு. ரெண்டு பக்கமும் ஓரமா ஒவ்வொரு மஞ்சள் கோடு. நடுவுல கோடு இல்லை. நடுவுலயும் ஒண்ணு இருந்து, இறக்கையில கறையும் இருந்தா அது பாகல், புடலைக்கு வர்றது. இது அது இல்லை. இறக்கை சுத்தமான கண்ணாடி, முன் ஓரத்துல மட்டும் மெல்லிசா கறுப்பு விளிம்பு. வயிறு செம்மண் நிறம். அதுல என்ன தெரியுது, நீயே பாரு."

பார்த்தேன். வயிற்றின்மேல் கறுப்பாக ஒரு 'டி' எழுத்து, அச்சடித்த மாதிரி இருந்தது.

"இனிஷியலோட பொறந்திருக்கு மேடம்."

"வால்ல ஊசி இருக்கு. பொம்பளை ஈ. மரத்துல காய் இருக்கும்போதே ஊசியைக் குத்தி உள்ள முட்டை வச்சிரும். வெளிய ஒரு புள்ளிதான் தெரியும்."

"இது எனக்கே தெரியும். எங்க கொல்லைக் கொய்யாவுக்கு அப்பா பழைய துணிப்பை கட்டிவிடுவார். இல்லாட்டி கடிச்ச வாயில பாதிப் புழு, பழத்துல பாதிப் புழு."

மேடம் நிமிர்ந்தார். "இதே ஈதானே உங்க கொல்லையில?"

"இதேதான். எங்க சொந்தக்காரன் மாதிரி இருக்கு."

மேடம் எழுந்து இரும்பு பீரோவிலிருந்து ஒரு பழைய வண்ணச் சுவரொட்டியை எடுத்துவந்து விரித்தார். வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் துறைமுகங்களுக்கு அனுப்பியது. 'இந்த ஈ நம் நாட்டில் இல்லை. கண்டால் உடனே தெரிவிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நடுவில் ஓர் ஈயின் பெரிய படம்.

"என்ன மேடம், ஈக்கெல்லாம் தேடப்படும் குற்றவாளி நோட்டீஸா?"

"சவூதிப் பக்கத்துப் பழத்தோட்டத்துக்கெல்லாம் எமன் இதுதான். இறக்கையைப் பாரு, டீ சிந்தினாப்ல பழுப்புத் திட்டு. முதுகுல பளபளன்னு கறுப்பும் வெண்ணெய் நிறமும் கலந்து கிடக்கு. அளவும் சின்னது. அந்த மலையில கொய்யா காய்ச்சிருந்தா இதுதான் குத்தியிருக்கும். நம்ம கொய்யா ஈ அங்க இருக்குன்னு இந்தத் தேதி வரைக்கும் யாரும் எழுதலை." நஜ்மாவிடம் திரும்பினார். "பெட்டியை யாரு பிரிச்சதும்மா?"

"நான்தாங்க. சுத்திலும் டேப் ஒட்டி, நைலான் கயிறு கட்டி, ஏர்ப்போர்ட் சீட்டோட இருந்துச்சு. ஜித்தாவுல கட்டுனது, உங்க வீட்டுலதான் பிரியுதுன்னு யூசுப் அண்ணன் சொன்னாங்க."

"பிரிச்ச அன்னைக்கே பாட்டில்ல போட்டு மூடிட்டீங்க."

"ஆமாங்க."

அப்படியென்றால் சங்கதி வெட்டவெளிச்சம். இந்தக் கொய்யா விமானம் ஏறவே இல்லை. எனக்குள் பட்டாசு வெடித்தது. எங்கள் ஊரில் ரெத்தினம் என்று ஒருவர், பம்பாய் ஏஜெண்டிடம் ஏமாந்து, ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, இரண்டு வருடம் அங்கேயே இட்லிக்கடையில் மாவாட்டிக்கொண்டு 'துபாயிலிருந்து' கடிதம் போட்டவர். கோடியக்கரை உப்பளத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்த 'குவைத்காரர்' ஒருவரை நானே கண்டுபிடித்திருக்கிறேன். இங்கே வீட்டுக்கு ஒரு கதை உண்டு. அப்சருக்கும் வேலை போயிருக்கும், அரபி திருப்பி அனுப்பியிருப்பான், சொல்ல வெட்கப்பட்டு எங்கேயோ பக்கத்தில் பதுங்கியிருக்கிறான்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சவூதியில இல்லை!" என்றேன். "இங்கதான், நம்ம ஜில்லாவுக்குள்ளதான் எங்கயோ இருக்கார்!"

சொன்ன வேகத்தில் மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மதிக்கவில்லை. நஜ்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

"பக்கத்துலயா?" என்றாள்.

மாடிப்படியில் இறங்கும்போது மேடம் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். குரலைத் தாழ்த்தி, "கொய்யா எங்க காய்ச்சதுன்னுதான் ஈ சொல்லும். பறிச்ச கை யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது. யாரைக் கேட்டு வாயை விட்ட?" என்றார்.

"வேற யாரு மேடம் பறிப்பா?" என்றேன். அவர் அதற்குள் விடுவிடுவென்று இறங்கிவிட்டார்.

நஜ்மாவும் கூட வருவேன் என்று நின்றாள். மன்னார்குடி போய் மாறி, கூத்தாநல்லூர் பஸ் ஏறினோம். ஆவணி வெயில். வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்காலில் ஆட்கள் குனிந்து நின்றார்கள். பெண்கள் இருவரும் முன் சீட்டில், நான் பின் சீட்டில். பாதி வழியில் நஜ்மா திரும்பினாள்.

"தம்பி, பக்கத்துலன்னா எவ்வளவு பக்கத்துல இருப்பாங்க?"

"ஒரு பஸ் தூரத்துல இருப்பார் அக்கா. வெட்கப்பட்டு மறைஞ்சிருக்கார், அவ்வளவுதான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மறுபடி திரும்பி, "பார்த்தா, நான் திட்டமாட்டேன்னு முதல்ல சொல்லிருங்க" என்றாள்.

"சொல்லிடுறேன் அக்கா" என்று பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். அந்தத் தலையில் இன்றைக்கும் எனக்குக் குட்டத் தோன்றுகிறது.

யூசுப்பின் வீடு பெரிய தெருவில் நடுவாக இருந்தது. நாற்பது வயது மனிதர், வெள்ளைக் கைலி, வாசனை. எங்களைப் பார்த்ததும் "வாங்க, வாங்க" என்று எழுந்தவர், பின்னால் நஜ்மாவைப் பார்த்ததும் ஒரு நொடி தாமதித்து, "வாம்மா" என்றார். அவர் மனைவி ஹாஃபிஸா வந்து நஜ்மாவை உள்ளே அழைத்துப்போனாள். நன்னாரி சர்பத் வந்தது. சோபாவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்ததால் நான் வழுக்கி வழுக்கி உட்கார்ந்தேன்.

"பெட்டி எங்க கட்டுனது?" என்று மேடம் நேராக ஆரம்பித்தார்.

"ஜித்தாவுலங்க. என் கையாலதான் கட்டுனேன். நடுவுல ஈ எறும்பு கூட நுழைய முடியாது."

"அதைத்தான் நானும் கேட்க வந்தேன்" என்றார் மேடம். "கொல்லைப்பக்கம் கொஞ்சம் பார்க்கலாமா?"

அவர் முகம் மாறியது. ஆனாலும் வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையிடம் முடியாது என்று சொல்லும் ஆள் இல்லை. கிணற்றடி, துவைக்கிற கல், அதற்கப்பால் ஒரு கொய்யா மரம், கை எட்டும் உயரம் முழுக்கக் காய். கீழே நாலைந்து பழம் விழுந்து கிடந்தது. மேடம் ஒன்றை எடுத்துப் பிட்டார். வெள்ளைப் புழு இரண்டு துள்ளிக் குதித்தது. இலையின் அடியில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. நான் கைக்குட்டையால் லபக்கென்று பிடித்து நீட்டினேன். ஓரங்களில் இரண்டு மஞ்சள் கோடு, கண்ணாடி இறக்கை, வயிற்றில் டி.

"நஜ்மா வீட்டுப் பாட்டில்ல இருக்கிறது இவங்க அக்கா தங்கச்சிங்க" என்றார் மேடம். "தாயிஃப்லேருந்து வந்த காயில உங்க கொல்லை ஈ எப்படிங்க பொறந்துச்சு? பெட்டியைத்தான் நடுவுல பிரிக்கவே இல்லைன்னுட்டீங்களே."

யூசுப் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். எனக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது.

"அண்ணே, போதும் விளையாட்டு. அப்சரை எங்க மறைச்சு வச்சிருக்கீங்க? வரச் சொல்லுங்க. அக்கா திட்டமாட்டாங்களாம், சொல்லச் சொன்னாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்குமுன் நான் வாங்கியதில்லை.

"தம்பி, அவன் மவுத்தாயிட்டான்" என்றார்.

கிணற்றடியில் எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் கண்ணை மூடித் திறந்தார். நான் கைக்குட்டையை விட்டுவிட்டேன்.

"தோட்டத்து மோட்டாரைப் போடப் போனான். கரண்ட் பிடிச்சிருச்சு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டோம்." யூசுப் மரத்தைப் பார்த்தபடி பேசினார். "அவன் வந்தது வேற ஆளு பாஸ்போர்ட்ல. அதனால தகவலும் வேற ஊருக்குப் போயிருச்சு. போன்ல சொல்ற செய்தியா இது, லீவுல போய் நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நஜ்மா கடிதாசி வந்துருச்சு. கவருக்குள்ள ஆசியா ஒரு துண்டுச்சீட்டு வச்சிருந்துச்சு. அத்தா, நீங்க நட்ட கொய்யா காய்ச்சிருச்சான்னு. ஒரே ஒரு பதில் போடுவோம்னு போட்டேங்க. ஒண்ணு போட்டப்புறம் எப்படிங்க நிறுத்துறது? அவன் ரூம்ல சொல்லிச் சொல்லி எழுதுனதுதானே, எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியும். செலவுக்கு ரூம்ல எல்லாருமா சேர்ந்து அனுப்புனோம்."

"பெட்டி?" என்றார் மேடம்.

"சபர்லேருந்து வர்றவன் கூட இருக்கிறவன் வீட்டுக்குப் பெட்டி கொண்டுவரலைன்னா ஊரு என்ன நினைக்கும்? வெறுங்கையோட போனா, வாயைத் திறக்காமலே செய்தி சொன்ன மாதிரி. அன்னைக்குச் சொல்லிரணும்னுதான் கிளம்புனேன். தைரியம் வரலை. என் பெட்டியிலேருந்து எடுத்து, பழைய சீட்டையே ஒட்டி, புதுசா ஒண்ணு கட்டுனேன். புள்ள கேட்டுச்சேன்னு இந்த மரத்துல மூணு காய் பறிச்சுப் போட்டேன். அதுல புழு இருக்கும்னு எனக்கு எங்கேங்க தெரியும்?"

அவர் அழ ஆரம்பித்தார். அப்போதுதான் நான் திரும்பினேன். கொல்லைக் கதவில் நஜ்மா நின்றுகொண்டிருந்தாள். ஹாஃபிஸா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். எத்தனை நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. ஒரு பஸ் தூரம் என்று சொன்னவன் நான்.

நஜ்மா அழவில்லை.

"என்னைக்கு, அண்ணே?" என்றாள்.

"ரஜபு பிறை பன்னெண்டும்மா. லுஹர் தொழுகைக்கு முன்னால."

அவள் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினாள். "ஷஹ்பான், நோன்பு, ஷவ்வால், துல்கஃதா. மேல பத்து நாள். துல்கஃதா இருவத்திரண்டு."

எனக்குப் புரியவில்லை. ஹாஃபிஸா பிறகு சொல்லித்தான் தெரிந்தது. அவள் எண்ணியது முஸ்லிம் மாதங்கள்; ரஜபு வந்தது போன நவம்பரில், துல்கஃதா போன மார்ச்சில். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கவேண்டும். வீட்டுக்குள்ளேயே, பூ இல்லாமல், மருதாணி இல்லாமல், நல்ல சேலை கட்டாமல். கணக்கு அவன் இறந்த நாளிலிருந்து ஓடும். செய்தி எப்போது தெரிந்தது என்பதற்கு அதில் இடமில்லை.

மேடம் போய் நஜ்மாவின் கையைப் பிடித்தார். "உக்காரும்மா" என்றார்.

"உக்காருறதுக்கு நாள் இல்லைங்க. இத்தா முடிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியாமலே முடிஞ்சுபோச்சு." கடைத்தெருவில் யாரோ விலாசம் கேட்டதற்குச் சொல்வதுபோல அதே குரலில் சொன்னாள். "நடுவுல பெருநாள் வந்துச்சு. மருதாணி வச்சுக்கிட்டேன். பச்சை ஜரிகைச் சேலை கட்டிக்கிட்டு, புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ எடுத்து அனுப்புனேன். வந்துச்சா, அண்ணே?"

யூசுப் கைலியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்துச்சும்மா" என்றார்.

"பச்சை உனக்கு எடுப்பா இருக்கு, அடுத்த பெருநாளைக்கும் இதையே கட்டுன்னு பதில் போட்டிருந்துச்சு." அவள் ஒரு படி கீழே இறங்கி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "அது யாரு சொன்னது?"

யூசுப் தலையைக் குனிந்துகொண்டார். நஜ்மா பதிலுக்காக அங்கேயே நின்றாள்.